மேய்ப்பர் மேசையில் குவியும் கோப்புகள்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஒரு சேகர குருவின் பொறுப்பில் ஒரே ஒரு கோயில் மட்டும் இருப்பது அபூர்வம். பல சபைகள் சேர்ந்த நிர்வாகப் பகுதியே சேகரம்; அதன் தலைமையிடத்தில் ஒரு பெரிய ஆலயம் இருக்கும். சுற்றுப்பட்டு ஊர்களில் கிளைச் சபைகள் இருக்கும். ஞாயிறு காலை ஓரிடத்தில் திருவிருந்து ஆராதனையை முடித்துவிட்டு, அங்கியை மடித்துப் பைக்குள் வைத்து அடுத்த ஊருக்கு வண்டியைக் கிளப்ப வேண்டும். அவர் போக முடியாத சபைகளில் சபை ஊழியரோ, ஊரில் மூத்தவர் ஒருவரோ ஜெபப்புத்தகத்தைப் பார்த்து ஆராதனை நடத்துவார். வாரநாள்களில் வேலை வேறு மாதிரி. தொடக்கப் பள்ளிக் கட்டடத்துக்கு உறுதிச் சான்று வாங்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தின் வேலியைப் பக்கத்துத் தோட்டக்காரர் நகர்த்திவிட்டார் என்று புகார் வரும். ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து நகல் கேட்டு ஒருவர் நிற்பார். திருமண ஓலை (அறிவிப்பு) வாசிப்பதில் இரு குடும்பங்களுக்குள் தகராறு. பேராயரின் நிர்வாகப் பகுதியான திருமண்டலத்தின் அலுவலகத்துக்குக் கட்ட வேண்டிய பங்குத்தொகை நிலுவை. அசனப் பண்டிகையின் பொது விருந்துக்கு அரிசியும் காய்கறியும் யார் பொறுப்பு என்பதில் மனத்தாங்கல். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு முதியவரைப் பார்க்கப் போவது இத்தனையும் முடிந்து நேரம் மிஞ்சினால்தான்.

தமிழ்த் திருச்சபைகளின் இன்றைய சிக்கல்களைப் பட்டியலிடுகிறவர்கள் வழக்குகள், சாதி, இளைஞர் விலகல், அரசின் கெடுபிடி, போதகர் பற்றாக்குறை என்று தனித்தனியாகப் பேசுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரே முடிச்சில் போய்ச் சேர்கின்றன என்று நினைக்கிறேன். ஜெபிக்கவும் ஒருவரையொருவர் தாங்கவும் கூடும் சபையும், நிலமும் பள்ளியும் கல்லூரியும் பணியிடமும் கொண்ட நிறுவனமும் ஒரே தேர்தல், ஒரே நிர்வாகத்தின்கீழ் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலில் முதலில் நசுங்குவது மேய்ப்புப் பணி.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர், அதாவது மாநில மக்கள்தொகையில் 6.12 விழுக்காடு. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் பாதியை நெருங்குகிறார்கள். இதில் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தே சபையார், எந்த அமைப்பிலும் சேராத தனிச் சபையார் எல்லோரும் அடக்கம். இங்கே என் பார்வை பெரும்பாலும் தென்னிந்தியத் திருச்சபை எனப்படும் சி.எஸ்.ஐ. மீதே இருக்கும்.

பின்னல் எப்படி விழுந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1799இல் முதலூர் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவான காலத்திலிருந்தும், 1820இல் மிஷனெரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு இன்னும் வேகமாகவும், நெல்லைச் சீமையில் ஜெபவீடும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே எழுந்தன. பல ஊர்களில் இரண்டும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. உபதேசியாரே வாத்தியார். காலையும் மாலையும் ஜெபம் நடத்தினார். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். ஊராருக்கு மனு எழுதித் தந்தார். பனையேறிகளும் ஒடுக்கப்பட்ட சாதியாரும் கல்வி பெற்றதற்கு அந்த ஏற்பாடு முக்கியக் காரணம். இடையன்குடியில் கால்டுவெல், நாசரேத்தில் மர்காசிஸ் போன்ற மிஷனெரிகள் கோயிலோடு நிறுத்திக்கொள்ளாமல் பள்ளி, மருத்துவமனை, கைத்தொழில் என்று ஊரையே கட்டியெழுப்பினார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

பிறகு அரசின் உதவித்தொகை வந்தது. இன்று அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு. ஆளை நியமிப்பது நிர்வாகம். அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தாங்களே நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் பிரமதி அறக்கட்டளை வழக்கில் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னது. உரிமை நியாயமானது. ஆனால் அதன் நடைமுறை விளைவு ஒன்றை நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அரசுச் சம்பளம் தரும் ஒரு பணியிடத்தை வழங்கும் அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டை ஏந்தும் அதே அமைப்பின் கையில் இருக்கிறது. அந்த அமைப்பின் பொறுப்புகள் தேர்தலால் நிரப்பப்படுகின்றன. சபையிலிருந்து சேகரத்துக்கு, சேகரத்திலிருந்து திருமண்டலப் பெருமன்றத்துக்கு, பெருமன்றத்திலிருந்து செயற்குழுவுக்கு என்று படிப்படியாகப் போகும் அந்தத் தேர்தலில் அணிகள் உண்டு, துண்டறிக்கை உண்டு, வாகனமும் சாப்பாடும் உண்டு. வாக்குப்பதிவு நாளில் ஆலய வளாகத்துக்குள் போலீஸ் நிற்பதும் உண்டு. ஆசிரியர் பணிக்குப் பணம் கைமாறுகிறது என்ற குற்றச்சாட்டு மேடையிலும் திண்ணையிலும் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. தேர்தலில் தோற்ற அணியின் குடும்பங்கள் அதே கோயிலில், அதே பெஞ்சில், ஜெயித்த அணியின் பக்கத்தில் மண்டியிட்டுத் திருவிருந்து வாங்க வேண்டும். அந்த வாரம் பிரசங்கம் செய்யும் குருவின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவருடைய அடுத்த இடமாற்றத்தை முடிவுசெய்கிறவர்களில் சிலர் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படித் தொடங்கும் பூசல் நீதிமன்றத்தில் போய் முடிகிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை மரபுகள் ஒன்றுசேர்ந்து சி.எஸ்.ஐ. பிறந்தபோது உலகத் திருச்சபைகள் வியந்து பார்த்தன. ஆயர் ஆட்சியுள்ள சபையும் அது இல்லாத சபைகளும் இணைந்த முன்மாதிரி அது. அதே திருச்சபையின் உச்ச அமைப்பான சினாடின் நிர்வாகத்தைக் கவனிக்க 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்து உத்தரவிட்டது. பிரதமப் பேராயர் தேர்தல், பேராயர்களின் ஓய்வு வயது பற்றிய வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயின. தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலமும், தரங்கம்பாடி மிஷனின் வாரிசான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும்கூட நீதிமன்றம் அமர்த்திய ஓய்வுபெற்ற நீதிபதிகளின் நிர்வாகத்தைப் பார்த்துவிட்டன. 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஒருவர், கோயில்களுக்கும் வக்ஃபு சொத்துகளுக்கும் சட்டப்படியான கண்காணிப்பு இருக்கும்போது கிறிஸ்தவ நிறுவனங்களின் சொத்துகளுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். அந்தக் கேள்வியைச் சிறுபான்மை உரிமைக்கு விழுந்த அடியாக மட்டும் பார்ப்பது எளிது. கேட்கும்படி நடந்துகொண்டது நாம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேராயரைத் தேர்ந்தெடுத்தது செல்லுமா என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யும் ஒவ்வொரு முறையும் காணிக்கைப் பணம் வக்கீல் கட்டணமாகிறது.

இதற்குத் தீர்வு கற்பனைக்கு எட்டாததாக இல்லை. பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளை நடத்தும் குழுக்களைத் திருமண்டலத் தேர்தலிலிருந்து பிரித்து, கல்வியும் கணக்கும் தெரிந்தவர்களை நிலையான தவணைக்கு அமர்த்தலாம். ஆசிரியர் நியமனத்துக்கு எழுத்துத்தேர்வு வைத்து மதிப்பெண் பட்டியலை வெளியிடலாம். தணிக்கை செய்த கணக்கை ஒவ்வொரு சபையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம். பிரித்தால் நிறுவனங்கள் கைவிட்டுப் போய்விடும், கிறிஸ்தவத் தன்மை மங்கிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தில் பொருள் உண்டு. ஆனால் பணியிடப் பேரம் நடக்கும் பள்ளியில் எந்தக் கிறிஸ்தவத் தன்மை மிஞ்சியிருக்கிறது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாதியைப் பற்றி இனி நேராகவே பேசலாம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளுக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் இடையே மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைத் தனியே பிரித்து நின்ற சுவரைப் பற்றிப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. சீர்திருத்தச் சபைகளில் சுவர் கண்ணுக்குத் தெரியாது. தேர்தல் அணிகளிலும் பெண் கொடுத்து எடுப்பதிலும் தெரியும். எந்தச் சேகரத்துக்கு எந்தச் சாதிக் குருவை அனுப்பினால் சபை ஏற்கும் என்று கணக்குப் போட்டு இடமாற்றப் பட்டியல் தயாராகிறது என்ற பேச்சு ஊழியர்கள் நடுவே புதிதில்லை. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, கத்தோலிக்கத் திருச்சபையின் முதல் தலித் கர்தினால் ஆனார். மகிழ்ச்சிதான். அந்த முதல் வர எவ்வளவு காலம் பிடித்தது என்பது வேதனை.

தலித் கிறிஸ்தவரை வெளியிலிருந்தும் ஒரு சட்டம் அழுத்துகிறது. 1950இல் வந்த குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர்; கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தை இதிலிருந்து விலக்கச் சொன்னது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை தலித் கிறிஸ்தவருக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இவையெல்லாம் டெல்லி, சென்னைச் செய்திகள். சேகரத்தில் இதன் முகம் வேறு. தமிழ்நாட்டில் மதம் மாறிய பட்டியல் சாதியார் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதனால் கல்லூரி இடமும் அரசு வேலையும் வேண்டிய குடும்பம் சான்றிதழில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவராகவும் வாழ வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுங்கள், ஆனால் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று பெற்றோர் கெஞ்சினால் போதகர் என்ன செய்வார்? 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில், ஞானஸ்நானப் பதிவையும் சான்றாகக் கொண்டு, கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டு பட்டியல் சாதிச் சலுகை கேட்பது அரசியலமைப்பை ஏய்ப்பது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்தப் பதிவேட்டைத் திறக்கும் கை நடுங்கத்தான் செய்யும். ஒரு குடும்பத்தைப் பொய் சொல்ல வைப்பது அவர்களுடைய பேராசை இல்லை. 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி. அதை மாற்றக் கோரி நடக்கும் ஆகஸ்ட் 10 கருப்பு நாள் கூட்டங்களுக்குத் தலித் அல்லாத கிறிஸ்தவர்களும் வந்து நின்றால், வில்சனின் சுற்றறிக்கைக்கு இன்றாவது பதில் எழுதியதாக இருக்கும்.

இளைஞர்கள் விலகுகிறார்கள் என்ற புலம்பலில் பாதி இடப்பெயர்ச்சியின் கதை. சாயர்புரம், மெஞ்ஞானபுரம், டோனாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, கோவை, வளைகுடா என்று போய்விட்டார்கள். கிராமக் கோயிலில் வாரந்தோறும் வருகிறவர்கள் முதியோர். பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் கோயில் நிறையும். மறுபாதி இரட்டை உறுப்பினர் கதை. காலையில் சி.எஸ்.ஐ. கோயிலில் பாமாலையும் ஜெபப்புத்தகமும், மாலையில் இசைக்குழுவோடு பாடும் ஒரு பெந்தெகொஸ்தே சபை. 2020 ஊரடங்கில் ஆராதனை கைப்பேசிக்குள் வந்த பிறகு, விருப்பமான பிரசங்கியாரைத் தேர்ந்தெடுப்பது இன்னும் எளிதானது. பழைய சபைக்கு வருட சந்தா, தசமபாகம் யூடியூப் ஊழியக்காரருக்கு என்று பணமும் பிரிந்துபோனது. பழைய சபையின் பெயர்ப்பட்டியலில் மட்டும் ஏன் ஒட்டியிருக்கிறார்கள் என்றால், கல்யாணத்துக்கும் சாவுக்கும். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ திருமணச் சட்டப்படி திருமணம் நடத்தத் தனிச் சபைப் போதகருக்கு அரசின் உரிமம் வேண்டும். பலரிடம் அது இல்லை. கல்லறைத் தோட்டமும் பெரும்பாலும் பழைய சபைகளின் கையில்தான் இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் கல்லறையில் புது இடம் தீர்ந்து, குடும்பக் கல்லறைகளையே மறுபடி திறக்கும் நிலை. சந்தா பாக்கி என்று சொல்லி அடக்கத்துக்கு இடம் மறுக்கும் சேகரக் குழு, துக்க வீட்டில் சபை தன் முகத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறது என்பதை உணர வேண்டும். மாலைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே எதைத் தேடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் வரும் பதில் எளிமையானது: அங்கே பாஸ்டர் என் பெயரைச் சொல்லி எனக்காக ஜெபித்தார்.

தனிச் சபைப் போதகரின் கஷ்டம் இன்னொரு வகை. மாதச் சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, தேர்தல் தொல்லையும் கிடையாது. வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டம் தொடங்குவார். ஆள் கூடினதும் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. அது எளிதில் கிடைப்பதில்லை. வீட்டில் ஜெபிப்பது வழிபாட்டுத் தலமாகுமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகளும் ஒரே திசையில் இல்லை. ஒலிபெருக்கி விஷயத்தில் மட்டும் குழப்பமில்லை. சென்னையைச் சேர்ந்த ஒரு பெந்தெகொஸ்தே சபையின் வழக்கிலேயே 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று முடித்துவிட்டது. அண்டை வீட்டாரோடு நல்லுறவு உள்ள ஜெபவீடுகளுக்குப் புகார் குறைவாக வருவதையும் பார்க்கிறோம். அதற்காக, ஜெபக்கூட்டத்துக்குள் புகுந்து வேதாகமத்தைப் பிடுங்குகிறவர்களை மன்னித்துவிட முடியாது. அது குற்றம், வழக்குப் பதிய வேண்டியது போலீஸின் கடமை.

தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் வடமாநிலங்களின் சட்டங்கள் தமிழ்ச் சபைகளை நேரடியாகத் தொடுகின்றன. 1903இல் வி.எஸ். அசரியா முன்னின்று தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கமும், பின்னால் எழுந்த நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவும் அனுப்பிய தமிழ் ஊழியர்கள் இன்றும் வடக்கே பழங்குடிக் கிராமங்களில் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசம் 2024இல் தன் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனைவரை கொண்டுபோயிருக்கிறது. இங்கே மாதா மாதம் காணிக்கை அனுப்பும் ஒரு விதவைத் தாய்க்கு, அங்கே தான் தாங்கும் ஊழியர் எந்த நேரத்திலும் கைதாகலாம் என்பது தெரியும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கியது. ஒரு அமைப்பு பெற்ற பணத்தை மற்றொன்றுக்கு மாற்றுவதையும் தடுத்தது. விடுதிகளும் சிறு மருத்துவமனைகளும் பல இடங்களில் மூடப்பட்டன. உள்ளூர்க் காணிக்கையில் நிற்கப் பழகிய ஊழியங்கள் தாக்குப்பிடித்தன. இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பெண்கள் பற்றி இரண்டே விஷயம். 1976இல் சி.எஸ்.ஐ. முதல் பெண் குருவை அபிஷேகம் செய்தது. 2013இல் நந்தியால் பேராயராக புஷ்பலலிதா பொறுப்பேற்றார். ஆனாலும் ஆராதனைக்கு வருவதில் பெரும்பான்மை பெண்கள், சேகரக் குழுவில் பெரும்பான்மை ஆண்கள் என்பது மாறவில்லை. குருவின் மனைவியான ஐயரம்மா செய்கிற வீடு சந்திப்பும் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஓட்டமும் நின்றால் பல சேகரங்கள் ஒரு மாதம்கூட நகராது. அந்த உழைப்புக்குச் சம்பளமும் இல்லை, முடிவெடுக்கும் இடத்தில் போதிய குரலும் இல்லை.

குழந்தைகள் பாதுகாப்பில் சமரசத்துக்கு இடமே இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தெரிந்த குற்றத்தைப் புகார் செய்யாமல் இருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விடுதிகள் சட்டம் உரிமமில்லாத விடுதியை அனுமதிப்பதில்லை. சபையின் மானம் போய்விடும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கும் பழக்கத்தில் மிஞ்சுவது, ஒரு பிள்ளையின் வாழ்க்கையை விலையாகக் கொடுத்து வாங்கும் மானம். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் முதல் விடுதிக் காப்பாளர்வரை எல்லோருக்கும் இந்தச் சட்டத்தில் பயிற்சி தர வேண்டியது திருமண்டலத்தின் பொறுப்பு.

இத்தனையும் ஒரு மனிதர் மேல் விழுகிறது. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலோ குருகுலம் இறையியல் கல்லூரியிலோ வேதமும் மொழியும் சமூகப் பார்வையும் கற்று வருகிறவர், முதல் சேகரத்தில் கால்வைத்ததும் திறப்பது கணக்குப் புத்தகத்தை. சில ஆண்டுகளில் இடமாற்றம். பிள்ளைகள் மறுபடி பள்ளி மாற வேண்டும். சொந்த வீடு கட்டாமலே ஓய்வுபெற்று, குருமனையைக் காலிசெய்யும் நாளில் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும் குடும்பங்கள் உண்டு. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்பவர் தன் மனச்சோர்வை யாரிடம் சொல்வார்? பேராயரிடம் சொன்னால் அது கோப்பில் ஏறும். சபையாரிடம் சொன்னால் ஊரெல்லாம் பரவும். ஒரே பகுதியைச் சேர்ந்த குருமார் நான்கைந்து பேர், சபை வேறுபாடு பாராமல், மாதம் ஒருமுறை உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஓர் ஏற்பாடு செய்துகொண்டால் அது எந்தக் கருத்தரங்கையும்விடப் பயன் தரும்.

பெரிய சீர்திருத்தத்துக்கு சினாடு கூட வேண்டும், சட்டவிதிகளைத் திருத்த வேண்டும், நீதிமன்றத் தீர்ப்புகளுக்குக் காத்திருக்க வேண்டும். சேகர அளவில் காத்திருக்கத் தேவையில்லை. ஏறக்குறைய எல்லாச் சபையிலும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வங்கி அதிகாரி, கிராம நிர்வாக அலுவலர், தணிக்கையாளர் யாரோ ஒருவர் இருக்கிறார். பள்ளிக் கடிதப் போக்குவரத்தை ஒருவர், நிலப் பத்திரங்களையும் பட்டாவையும் ஒருவர், கணக்கை ஒருவர் என்று எடுத்துக்கொண்டு, குரு கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொண்டால் வாரத்தில் மூன்று நாள் மாலை அவருக்கு மிஞ்சும். அந்த மாலைகளில் எந்தெந்த வீடுகளுக்குப் போக வேண்டும் என்ற பட்டியலைச் சபை ஊழியரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் அடுத்த சேகரக் குழுக் கூட்டத்திலேயே எழுதித் தந்துவிடலாம். அதற்குத் திருமண்டல அனுமதி எதுவும் வேண்டியதில்லை.